சித்தூரில் கொடுக்க வேண்டிய மனு

30-8-91, வெள்ளி

காலையிலேயே வெயில். லீவு போட்டுக் காஞ்சிபுரம், வக்கீல் ஆபீஸ். அண்ணனின் விபத்து நஷ்டஈட்டு மனு என்ன ஆயிற்று என்று கேட்க. நாலாவது தடவை.

டைப் கூட ஆகவில்லை. இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறதாம். ஃபைலைப் பிடுங்கிப் பார்த்தேன். இறந்த தேதி மார்ச் 17 என்று இருக்கிறது. அது கருமாதி. அம்மா கொடுத்த கருமாதிப் பத்திரிகையில் பெரிய எழுத்தில் இருந்ததைக் குமாஸ்தா அப்படியே எழுதிவிட்டார். அண்ணன் போனது மார்ச் 2. சாலை விபத்துக்குக் கெடு ஆறு மாதம். முடிவது திங்கட்கிழமை.

கத்தினேன். குமாஸ்தா கத்தவில்லை. "நீதான தம்பி ஃபாரத்த சரி பாத்த?"

நான்தான். டூல் ரூமில் மைக்ரான் கணக்கில் அளவு பார்க்கிறவன்.

வக்கீல் இப்போதுதான் கேட்கிறார், எங்கே நடந்தது என்று. சித்தூர் தாண்டி. அண்ணன் ஓட்டிய லாரி பஞ்சர். ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த லாரி அடித்தது. அப்படியானால் இங்கே போட முடியாதாம், நடந்த எல்லைக்குள் இருக்கும் கோர்ட்டில்தான். கெடு தாண்டினால் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டும். ஏற்பது ஜட்ஜ் இஷ்டம்.

"பேக்டரிக்குள்ள செத்திருந்தா ரெண்டு வருசம் டைம்" என்றார். கெடுவைச் செத்தவனைக் கேட்டா வைப்பார்கள்?

31-8, சனி

மூட்டம். மழை இல்லை.

கையெழுத்துக்கு அண்ணி வர வேண்டும். அம்மா விடவில்லை. வருஷம் திரும்பாமல் ஊர் எல்லை தாண்டக் கூடாதாம், ஊர் பேசுமாம். ஊரா அண்ணன் பாப்பாவுக்குச் சோறு போடும் என்று கேட்டேன். கேட்ட விதம் தப்பு. அம்மா அழுதாள்.

அண்ணி அடுப்படியிலிருந்தே சொன்னாள். "நான் போய்ட்டு வரேன் அத்த."

சூப்பர்வைசர்: "உங்கண்ணன் போய் ஆறு மாசம் ஆவுது, இப்ப இன்னாடா லீவு?" லீவு லெட்டரை மேஜையில் வைத்தேன். பதில் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

1-9, ஞாயிறு

எடுக்க வேண்டியது: இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, அண்ணன் லைசென்ஸ், போலீஸ் காகிதம், அண்ணிக்குத் தலைவலி மாத்திரை.

எதிர்வீட்டு அக்கா வந்து அண்ணியிடம்: "ஆந்திரா கோர்ட்டுக்கா? தெலுங்குல அழத் தெரியுமாடி உனக்கு?" அண்ணி சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான்.

2-9, திங்கள்

முதல் பஸ், ஐந்து மணி. வாலாஜாபாத், காஞ்சிபுரம், மாறி சித்தூர். பத்துக்கு இறங்கினோம். காஞ்சி வக்கீல் எழுதிக் கொடுத்த ஆள், இந்த ஊர் வக்கீல். நல்ல தமிழ்.

போலீஸ் காகிதம் முழுக்கத் தெலுங்கு. ஆறு மாதம் பெட்டியில் கிடந்தது. யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை. தேதிக்காக அவர் வாய்விட்டுத் தமிழில் படித்தார். விபத்து விடியற்காலை ஐந்து. சித்தூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தது ஆறு. நினைவு இருந்தது, பெயரும் ஊரும் சொன்னார். இறந்தது பகல் இரண்டு.

லாரி ஓனர் எங்களுக்குச் சொன்னது: அந்த இடத்திலேயே போய்விட்டான், வலி தெரிந்திருக்காது. தகவல் வந்ததே சாயங்காலம்.

வக்கீல் நிறுத்தி எங்களைப் பார்த்தார். அண்ணி பேனாவை வாங்கினாள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றே முக்காலுக்கு மனு உள்ளே போனது. சீல் விழுந்தது. கெடுவுக்குள்.

திரும்பும் பஸ். ராணிப்பேட்டை. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அண்ணி:

"அவுரு ஒம்போது மணி நேரம் இருந்திருக்காரு தம்பி. நாம அஞ்சு மணி நேரத்துல வந்துட்டோமே."