கிணற்றுக்குப் போட்ட பூச்சியம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாளைக்கு இறால் குஞ்சு வருகுது. பண்ணைக் குளத்தில் உப்பு ஆயிரத்துக்கு முப்பது இருக்க வேணும். கடலோரக் களப்புத் தண்ணியில் நாற்பத்தைந்து. கிணற்றுக்குப் பூச்சியம் போட்டுக் கணக்குப் பார்த்தேன்: களப்புத் தண்ணி இரண்டு பங்கு, கிணற்றுத் தண்ணி ஒரு பங்கு.

பம்பு பார்க்கிற நஸீர் நானா அப்படியே இறைத்தார். பின்னேரம் உப்புமானியில் முப்பத்தொன்று. கவனமில்லாமல் இறைத்தீங்க என்று ஏசிப்போட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"கிணத்துக்கு ஏன் பூச்சியம் போட்டீங்க, தங்கச்சி?"

கிணற்றை x ஆக்கித் திரும்பச் செய்தேன். களப்பின் இரண்டு பங்கில் தொண்ணூறு. முப்பத்தொன்று வீதம் மூன்று பங்கும் சேர்ந்து தொண்ணூற்றுமூன்று. அப்போ x மூன்று. நானாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்ல. எங்கட நாக்குக்கு அது பழகிட்டு" என்றார்.

இறாலுக்கு மூன்று ஒரு விஷயமே இல்லை. இன்னும் கொஞ்சம் கிணற்றுத் தண்ணி விட்டால் சரி. ஆனால் வீட்டில் குடிக்கவும் அந்தக் கிணறுதான். போன மாதம் ஆஸ்பத்திரியில் உம்மாவின் பிரஷர் குளிசையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லித் தினமும் அவவோடு சண்டை பிடிக்கிறது நான்தான்.

இன்றைக்கும் கறியில் உப்பே இல்லை. உம்மா அப்படியே சாப்பிட்டா. பிறகு இரண்டு கோப்பை தண்ணி குடித்தா.