கொல்மார் அட்டையை வாசிக்க வேண்டாம்

கொல்மார், பிரான்ஸ்
4.6.2009

தனுசியாவின் அப்பாவுக்கு,

இங்கே மலை முழுக்கத் திராட்சைக் கொடி. நல்ல வெயில். மூன்று வருடக் கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன், காணவில்லை. சில்க்போர்க்குக்கு வாருங்கள். குழல் புட்டு அவிக்கிறேன். இந்த ஊரில் எல்லோரும் நல்ல மனிதர்கள். நீங்களும்தான்.

சுசீலா


சில்க்போர்க்
8.6.2009

தனுசியாவின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை விசாரிக்க இன்னும் மனம் வரவில்லை. ஆனால் வன்னியில் இருந்த உங்கள் தம்பி குடும்பத்தைப் பற்றி ஏதும் தெரிந்ததா? யுத்தம் முடிந்து மூன்று கிழமையாகிறது. அதை மட்டும் அறிவியுங்கள்.

பிரான்சில் இருந்து உங்களுக்கு ஒரு அட்டை வரும். தயவுசெய்து வாசிக்காமல் கிழித்துப் போடுங்கள். அதை எழுதியது நான் இல்லை, வைன்.

இங்கே நான் வேலை செய்யும் டேனிஷ் முதியோர் இல்லத்தில் இருந்து பன்னிரண்டு பேரைப் பஸ்ஸில் கூட்டிப்போனோம். வியாழன் முழுநாளும் திராட்சைத் தோட்டங்கள்தான். எண்பத்தாறு வயது எமிலியாவின் சக்கரக் கதிரை என் பொறுப்பு. நானூறு வருடப் பழைய நிலவறை ஒன்றில் ஏழு கிளாஸ் வரிசையாக வைத்தார்கள். பக்கத்தில் ஒரு வாளி. வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு அதற்குள் துப்ப வேண்டுமாம். ஒருவர் வீட்டுக்குப் போய், அவர் கையால் தந்ததை அவர் முன்னாலேயே துப்புவதா? எனக்கு மனம் கேட்கவில்லை. ஏழு கிளாஸையும் குடித்தேன். எமிலியா, "சூசி, துப்பு, துப்பு!" என்று கத்தினார். பிறகு தன்னுடைய கிளாஸையும் என்னிடமே நீட்டினார், பொல்லாத மனுசி.

தோட்டத்துச் சொந்தக்காரிக்கும் எமிலியாவின் வயதுதான். 1944 மார்கழியில் குண்டு விழுந்து, கொல்மாருக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் ஊரே தரைமட்டமாம். மாசி வரை அந்த நிலவறைக்குள்தான் இருந்தார்களாம். வெளியே வந்து முதலில் வீட்டைக் கட்டவில்லை, கொடிகளை வெட்டிவிடப் போனார்களாம். "வெட்டுற காலம் தவறினால் ஒரு வருசம் போச்சு. வீடு பொறுக்கும்" என்றார். வழிகாட்டி அதை டேனிஷில் சொன்னதும் எனக்கு வன்னிப் பதுங்குகுழிகள் நினைவுக்கு வந்துவிட்டன. அத்தனை பேர் முன்னாலும் குழறி அழுதேன். அந்த அழுகையோடு எழுதியதுதான் அட்டை.

வெறி முறிந்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் கர்ப்பப்பை எடுத்து, தையல் நோவோடு நான் ஆஸ்பத்திரியில் இருந்து தனியே பஸ் ஏறி வந்தேன். கூட்டிப்போக வருகிறேன் என்ற நீங்கள் நாட்டுக்காக என்று கூட்டத்தில் நின்றீர்கள். ஆகவே வர வேண்டாம்.

இப்படிக்கு,
சுசீலாதேவி


ஹ்விடோவ்ரே
13.6.2009

அன்புள்ள சுசீலா,

உமது கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. அட்டையைக் காணவில்லை. வராத அட்டையை எப்படிக் கிழிப்பது? மூன்று நாள் தபால்பெட்டியடியில் காவல் நின்றேன். கீழ்வீட்டுக்காரர், "என்ன, லொத்தர் விழுந்ததோ?" என்று கேட்டார். நேற்றுத்தான் வந்தது. கிழிக்கத்தான் எடுத்தேன், வாசித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

தம்பியும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் செட்டிகுளம் அகதி முகாமில் இருக்கிறார்கள். தம்பிக்குக் காலில் காயம். ஆனால் எல்லோரும் உயிரோடு. செய்தி வந்தவுடன் உமக்குத்தான் சொல்ல நினைத்தேன். போன் எடுத்தால் வைத்துவிடுவீர் என்று விட்டுவிட்டேன்.

இருபது வருடம் ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம், ஊர்வலம். இப்போது ஞாயிறு வந்தால் எங்கே போவதென்று தெரியாமல், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன்.

உமக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று கூட்டம் இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. உம்மை ஆஸ்பத்திரியில் இருந்து நான்கு மணிக்கு விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். "அண்ணை, நீங்கள் போங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்று மற்றவர்களும் சொன்னார்கள். நான் போகவில்லை. இருநூறு கதிரையையும் மடித்து அடுக்கினேன். பிறகு இறக்கித் திரும்பவும் அடுக்கினேன். உம்மை அந்தக் கோலத்தில் பார்க்கப் பயம், சுசீலா. நாட்டைச் சாட்டி ஒளித்துக்கொண்டேன்.

அட்டை வா என்கிறது, கடிதம் வராதே என்கிறது. நான் கடிதத்துக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் குடிக்காத நேரத்தில் இன்னொரு முறை யோசித்து, ஒரு வரி எழுதும். எதுவானாலும் ஏற்றுக்கொள்வேன்.

உமது
தவராஜா


சில்க்போர்க்
16.6.2009

தனுசியாவின் அப்பாவுக்கு,

காலை ஆறு மணி. ஒரு தேத்தண்ணி மட்டும்தான் குடித்திருக்கிறேன், சீனிகூடப் போடவில்லை.

தம்பி குடும்பம் உயிரோடு இருப்பதை வாசித்ததும் சாமிப்படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்துதான் மிச்சத்தை வாசித்தேன். கதிரைக் கதையைப் படித்தபோது உங்களுக்கு இரண்டு போட வேண்டும்போல இருந்தது. மூன்று வருடமாக நான் நாட்டோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தேனே! நாட்டை நான் எப்படி ஏசுவது? பயந்தாங்கொள்ளி மனுசன் என்றால் நன்றாக ஏசலாம். முதலே சொல்லியிருக்கக் கூடாதா?

எமிலியாவிடம் சொன்னேன். "இந்த முறை விழுங்கப் போறியோ, துப்பப் போறியோ?" என்று கேட்டார். விழுங்க முடியுமோ தெரியாது. துப்ப மனமில்லை.

சனிக்கிழமை காலை ரெயிலில் வாருங்கள். ஸ்கன்டர்போர்க்கில் மாற வேண்டும், நித்திரை கொண்டுவிடாதீர்கள். இரண்டு நாள்தான், பிறகு யோசிப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்தையே போட்டுக்கொண்டு வாருங்கள், ஏரிக்கரையில் நடக்கலாம்.

என் வீட்டில் நான்கு கதிரை இருக்கிறது. ஒன்றையும் அடுக்க வேண்டாம். வந்து இருங்கள்.

சுசீலா