பார்க்காமல் எழுதிய அளவு

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஏற்கெனவே ஒரு பொய் எழுதிவிட்டேன், இன்னொன்றுக்குத் தெம்பில்லை. பெரியவன் பரீட்சைக்குப் படிக்கிறான். சின்னவள் முன்பல் விழுந்துவிட்டதென்று சிரிக்கவே மாட்டேன் என்கிறாள். அவர்கள் சௌக்கியம். எனக்குத்தான் ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இதற்குள் மூன்று முறை எழுந்துபோய்க் குழாயை மூடினேனா என்று பார்த்துவிட்டேன்.

உங்கள் சட்டைக்குக் காலர் திருப்பிக் கொடுத்தாளே, அந்தத் தையல்காரிக்கு எட்டு மாதம். போன மாதக் கடைசியில் நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ரத்த அழுத்தம் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பதிவேட்டில் அப்படியே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் மறுபடி போக வேண்டும், மாத அறிக்கையோ அன்று மாலைக்குள் போயாக வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் அக்கா காலையிலிருந்தே நச்சரிப்பு. அதற்கு முந்தின மாதம் 110/70 இருந்தது. அதையே எழுதினால் காப்பியடித்தது தெரியுமே என்று 114/72 என்று போட்டேன். என் சாமர்த்தியத்தைப் பாருங்கள்! நாளைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போகவில்லை.

ஐந்தாம் நாள் பிரஷர் ஏறி அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோதான், கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அவள் பிழைத்துக்கொண்டாள்.

ஏன் முன்பே தெரியவில்லை என்று வருகிற திங்கட்கிழமை விசாரணை. அக்கா என் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "நல்லவேளை, நார்மல்னு எழுதிருக்க. திடீர்னு ஏறிடுச்சுன்னு சொல்லிடலாம், நீ வாயத் திறக்காத" என்றார். உங்களிடம் மறைப்பானேன், அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்திருப்பீங்க சிஸ்டர், நான்தான் தச்ச துணியக் குடுக்கப் போயிட்டேன். வீட்ல இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்கல்ல? மாமியாரும் அதையேதான் சொல்றாங்க. என் புள்ளைய நானே இப்படிப் பண்ணிட்டேன்" என்று அழுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அழாதே என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

இன்று காலை பதிவேட்டை எடுத்தேன். எங்கள் வேலையில் தப்பை அழிக்கக் கூடாது, வெள்ளை மையும் பூசக் கூடாது. பழையது தெரியும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியும் கையெழுத்தும் இட வேண்டும். கோடு போட்டேன். 'வீடு பூட்டியிருந்தது. அளக்கவில்லை. மறுபடி போகவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணைக்கும் அதையே எழுதி வைத்திருக்கிறேன். அவளிடமும் நானே போய்ச் சொல்ல வேண்டும்.

உங்கள் பிரஷரையும் அளந்து எழுதுங்கள். போன தடவை எழுதியதையே கொஞ்சம் மாற்றி எழுதாதீர்கள், எனக்கு அந்த வித்தை தெரியும்.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபம் வரும். இந்த வீடு வேலையோடு வந்தது, பிள்ளைகள் படிப்பு இருக்கிறது என்பீர்கள். எல்லாம் நியாயம்தான். "வேண்டாம்மா" என்று உங்கள் குரலில் ஒரு தடவை கேட்டால் நான் அடங்கிப்போய்விடுவேன். இது உங்கள் கைக்கு வரும்போது திங்கட்கிழமை தாண்டியிருக்கும். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். திட்டி முடித்ததும் லீவு கேட்டு ஒரு நடை வந்து போங்கள். அந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொள்ளுங்கள். எனக்காகவும் என்று கேட்க வாய் வரவில்லை.

என்றும் உங்கள்,
மனைவி