கடைக்குள் இருந்தவர்

உத்திரமேரூர்
20.6.2024

சைமா அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் பாதியில் உங்களுக்கு வாடிக்கையாளர் வந்துவிடுகிறார், மீதியில் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

பக்ரீத்துக்கும் வரவில்லை. உங்களுக்கென்று எடுத்து வைத்த பிரியாணியை மறுநாள் சைமாதான் சூடு பண்ணிச் சாப்பிட்டாள். நேற்று வாலாஜாபாத்திலிருந்து அவளைப் பெண் பேச மறுபடி வந்தார்கள். நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா சமையலறை வரைக்கும் வந்து, "இன்னாமா, பொண்ணுக்கு அத்தா கீறாரா இல்லையா? மூணு தபா வந்துட்டோம், மூஞ்சியே காட்டலையே!" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஸ்டேஷன் அருகே நீங்கள் பைகள் விற்கும் தெருவில் மெட்ரோவுக்குத் தோண்டியபோது, அது முடியட்டும் என்றீர்கள். பஸ் நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் சேர்த்துப் பாலம் கட்டியபோது, பாலம் முடியட்டும் என்றீர்கள். இப்போது கடைத்தெருவையே இடித்துக் கட்டப் போகிறார்கள் என்கிறீர்கள். நம் ஊருக்கு ரயிலே கிடையாது. ஆனால் உங்கள் ஸ்டேஷன் வேலை முடியாமல் இந்த வீட்டில் ஒரு காரியமும் நகர்வதில்லை.

நிக்காஹ் தேதி குறிக்க ஒரே ஒரு நாள் வாருங்கள். செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ். கடல் தாண்டியா இருக்கிறீர்கள்?

சுரையா


சென்னை
27.6.2024

அன்பு சுரையாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நலம் என்று எழுதத்தான் ஆசை. குடலிறக்க வலி கூடிவிட்டது. இனி ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறார் டாக்டர். கடையை விட்டுவிட்டு நான் எங்கே போய்ப் படுப்பது?

என் நிலைமை உனக்குப் புரியவில்லை. புதுக் கட்டடத்தில் யார் யாருக்குக் கடை என்று முடிவு செய்யக் கணக்கெடுக்கிறார்கள். எந்த நாள் வருவார்கள் என்று சொல்ல மாட்டார்கள். வரும்போது கடைக்குள் யார் இருக்கிறாரோ அவருக்குத்தான் கடை. எதிர் வரிசை முடிந்துவிட்டது. ஜூஸ் கடை புருஷோத்தமன் ஷட்டரை இறக்கிவிட்டுச் சவரம் பண்ணிக்கொள்ளப் போனான். அதற்குள் பூட்டிய கடை என்று எழுதிவிட்டார்கள். பாதி முகத்துச் சோப்போடு ஓடி வந்தும் பயனில்லை. "நைனா, தாடி வச்சிருந்தா கடை மிஞ்சியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு இப்போது என் வாசலிலேயே கிடக்கிறான்.

என் தம்பி தௌசீப்பை வைத்துத் தேதியைப் பேசி முடி. தம்பி நின்றால் நான் நின்ற மாதிரிதான்.

நஜிமுதீன்


உத்திரமேரூர்
3.7.2024

சைமா அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி நின்றால் நீங்கள் நின்ற மாதிரி என்றால், கடையில் ஏன் தம்பியை நிறுத்தவில்லை? அவர் பேரில் எழுதிவிடுவார்கள் என்ற பயம். மகளின் நிக்காஹில் மட்டும் அந்தப் பயம் இல்லை, இல்லையா?

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். கிழித்துவிடலாமா என்று தோன்றியது. கிழிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறியுங்கள். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்கு வரலாறு நடத்த வேறு டீச்சர் இருக்கிறார். சைமா ஆஸ்பத்திரியில் உங்களோடு இருக்கட்டும், நான் கடையில் இருக்கிறேன். பைக்கு ஜிப் மாற்றத் தெரியும். கல்யாணமான புதிதில் நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

சுரையா


சென்னை
12.8.2024

சுரையாவுக்கு,

ஸலாம். தையல் பிரித்தாகிவிட்டது. நீயும் சைமாவும் பார்த்துக்கொண்டதை மறக்க மாட்டேன். ஆனால் இப்படிச் செய்வாய் என்று நினைக்கவில்லை.

நீ ஊருக்குத் திரும்பிய பிறகு வியாபாரிகள் சங்கத்தில் கேட்டேன். நீ கடையில் இருந்தபோது எடுத்த கணக்கில் நம் கடைக்கு நேரே உன் பெயர் இருக்கிறது. என் பெயரைச் சொல்ல உனக்கு என்ன கஷ்டம்? பெண்டாட்டி உட்கார்ந்தால் புருஷன் பேரைத்தானே எழுதுவார்கள் என்று நம்பித்தான் விட்டேன். "இன்னா நஜிமு, ஓனரம்மா சம்பளம் ஏத்தி குடுத்தாங்களா?" என்று புருஷோத்தமன் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிகிறான்.

கணக்கெடுத்த ஆபீசில் போய் விசாரித்தேன். நீ நேரில் வந்து கடை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமாம். சொன்னால் இந்த ஒரு கடைக்கு மறுபடி கணக்கெடுக்க ஆள் வருமாம். எப்போது என்று தெரியாது. உடனே புறப்பட்டு வா. அதுவரை நான் இங்கிருந்து அசைய மாட்டேன்.

நஜிமுதீன்


உத்திரமேரூர்
19.8.2024

சைமா அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெயிட் தூக்காதீர்கள். டாக்டர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். வந்தது ஒரு பெண் அதிகாரி. "கடை யாருதும்மா?" என்றார். "எங்க வூட்டுக்காரருது" என்றேன். "எங்க அவரு?" "ஆஸ்பத்திரியில கீறாரு." "இருக்கறவங்க பேரைத்தான் எழுத முடியும். நீங்க இந்தக் கடைக்கு யாரும் இல்லன்னா, ஆள் இல்லாத கடைன்னு போட்டுடட்டுமா?" உங்கள் பெயரை நான் மறைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? என் பெயரைச் சொன்னேன். தொங்கும் பைகளுக்கு நடுவே நிற்க வைத்துப் படம் எடுத்தார். முக்காட்டைச் சரி செய்துகொண்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே புறப்படத்தான் நினைத்தேன். புடவைகூட எடுத்து வைத்தேன். பிறகு யோசித்தேன். நான் வந்து வேண்டாம் என்று சொன்னால் மறுபடி கணக்கு. நீங்கள் மறுபடி காவல். தேதி தெரியாது. சைமாவுக்கு நான் இன்னொரு தடவை பதில் சொல்ல வேண்டும்.

அதனால் வர மாட்டேன். கணக்கு முடிந்துவிட்டது. கடை நம் குடும்பத்தில்தான் இருக்கிறது. அதற்கு இனி நீங்கள் காவல் இருக்கத் தேவையில்லை. கோபப்படுங்கள், ஆனால் வீட்டுக்கு வந்து கோபப்படுங்கள்.

நிக்காஹ் செப்டம்பர் பதினைந்து, ஞாயிறு. வாலாஜாபாத்துக்காரர்களிடம் அத்தா வருவார் என்று சொல்லிவிட்டேன். தௌசீப்பிடம் எதுவும் பேசவில்லை. அவர் நிற்க வேண்டுமானால் நீங்களே அவரிடம் சொல்லுங்கள், என்னால் முடியாது.

இன்னொன்று. கட்டடம் இடிக்கும் வரைக்கும் கடையைத் திறக்கத்தானே வேண்டும்? நிக்காஹ் முடிந்ததும் நான் போய் உட்காருகிறேன். கடையில் இருந்த அந்த நாட்களில் ஒருவர்கூட என்னை டீச்சர் என்றோ சைமா அம்மா என்றோ கூப்பிடவில்லை. "அக்கா, இது இன்னா விலை?" என்றார்கள். சொன்னேன். பேரம் பேசினார்கள். பிடித்திருந்தது. நீங்கள் இங்கே ஓய்வெடுங்கள்.

வரும்போது ஷட்டர் சாவியை எடுத்து வாருங்கள்.

சுரையா