குனிந்து நடுவதற்கு ஒரு சட்டை

என் மைமூனே,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். உன் வீட்டுக்கு நெல் அவித்துக் குத்த வந்தவள் நான், வேறெப்படிக் கூப்பிடுவேன்? உன்னைவிட ஒரு வயது மூத்தவள் என்று தெரிந்த அன்றிலிருந்து நீதான் என்னை அக்கா ஆக்கினாய். அந்த உரிமையில் இப்போது ‘நீ’ என்று எழுதுகிறேன்.  

ஞாயிற்றுக்கிழமை உன் மகள் ஜரினா வருகிறாள். பினாங்கிலிருந்து போன் பண்ணினாள். நீ தை மாதத்தில் அவளைப் பெற்றுவிட்டுக் கண்மூடினாய். அங்கேயே இருந்த உன் புருஷன் அவளைக் கைக்குழந்தையாகவே கொண்டுபோய்விட்டார். இப்போது அவள் அங்கே உடுப்புத் தைத்து விற்கிறாளாம். உன் மாமியாரின் டிரங்குப் பெட்டியில் சட்டை தைக்கப் பழுப்புத் தாளில் வெட்டிய அளவு மாதிரி ஒன்று கிடைத்ததாம். அதில் உன் கையெழுத்தில் ‘பாக்கியம் அக்கா அளவு’ என்று எழுதியிருந்ததாம். “அந்தக் கதைய உங்க வாயால கேக்கணும், பெரியம்மா” என்றாள்.

பெரியம்மா என்றதும், வா என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கதையில் ஒரு பகுதி உனக்கே தெரியாது, மைமூன்.

தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். நினைவிருக்கிறதா, ஒரு மத்தியானம் உன் கொல்லையில் நான் நெல் குத்திக்கொண்டிருந்தேன். உலக்கையைத் தூக்கியதும் ரவிக்கை அக்குளில் கிழிந்தது. துருப்பிடித்த கொக்கி மார்பில் கீறியிருந்ததையும் நீ பார்த்தாய். “வேலை செய்யும்போது இதத்தான் போடுறீங்களா?” என்று கேட்டாய். நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. நடவு நடக்கும்போது பண்ணையில் எங்களை வேலை வாங்கும் காரியக்காரர் எங்களுக்கு எதிர்வரப்பில் நின்றுகொண்டிருப்பார். குனிகிற எங்களைப் பார்ப்பதற்கென்றே நிற்பார். அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு ஆளிடம் சொன்னேன்.

நீ என் கிழிசலை விரித்துப் பார்த்தாய். பிறகு, “குனிஞ்சாலும் ஒண்ணும் தெரியாத மாதிரி ஒரு சட்டை தைப்போம்க்கா” என்றாய்.

பினாங்கில் பன்னிரண்டு வயதுவரை வளர்ந்தவள் நீ. அங்கே மலாய்ப் பெண்கள் போடும் தொளதொளச் சட்டையின் அக்குளில் ஒரு சதுரத் துண்டு இருக்கும், கையை எங்கே தூக்கினாலும் கிழியாது என்றாய். பக்கத்து வீட்டுச் சீனத்தியிடம் துணியிலேயே முடிச்சுப் பொத்தான் போடக் கற்றிருந்தாய். அதில் இரும்பே இல்லை, துருவும் இல்லை. துணிக்கு நம்மூர்த் தறியில் நெய்த கட்டம்போட்ட கைலியை எடுத்தோம். சேறு பட்டாலும் கறை தெரியாது, சீக்கிரம் காயும். தூக்கிச் செருகிய புடவைக்கு மேலே அது இடுப்புக்குக் கீழே ஒரு சாண் நிற்க வேண்டும் என்பது என் யோசனை.

முதல் சட்டை நீளமாகிப்போனது, தண்ணீரை உறிஞ்சிக் கனத்தது. இரண்டாவதன் கழுத்து குனிந்தால் வாய் பிளந்தது. கிணற்றடியில் சேறு குழைத்து, அதில் நான் வைக்கோலை நட்டு நட்டுக் காட்ட, நீ எதிரே மண்டிபோட்டுக் கழுத்துக்குள் எட்டிப் பார்த்து, “தெரியுது, தெரியுது, பெயில்!” என்று கத்தினாய். நாலாவது சட்டையில் ஒன்றும் தெரியவில்லை. அதையே வைத்து எங்கள் நடவு ஆட்கள் ஏழு பேருக்கும் ஒரே பீஸ் துணியில் வெட்டினாய். கறுப்புக் கட்டத்தில் சிவப்புக் கோடு ஓடிய துணி. அந்தக் கோட்டைப் பற்றி நாம் இருவரும் யோசிக்கவே இல்லையே.

அது எப்பேர்ப்பட்ட நேரம் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். கூலிக்காகச் சங்கம், சங்கத்துக்கு எதிராக மிராசுதார்கள். கிழக்கே ஓர் ஊரில் குடிசையோடு ஜனங்களைக் கொளுத்திய சேதி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கோட்டையில் நம்ம ஆட்சி வந்துவிட்டது என்று மேடையில் பேசினார்கள். எங்கள் தெருவில் அடுப்பு நெருப்பைக்கூடத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுத்தான் வெளியே போனோம்.

குறுவை நடவின் முதல் நாள் ஏழு பேரும் அந்தச் சட்டையோடு வயலில் இறங்கினோம். ஒரு மணி நேரம்தான். பயமில்லாமல் குனிந்து நட்ட அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அப்புறம் காரியக்காரரின் குரல் கேட்டது. “எல்லாம் கரையேறுங்கடி.”

ஏறினோம்.

“செவப்புக் கோடு. ஏழு பேருக்கும் ஒரே மாதிரி. எந்தச் சங்கத்துல குடுத்தாங்க இந்த யூனிபாரம்?”

“சங்கம் இல்லீங்க. வேலைக்குப் போடுற சட்டைங்க” என்றேன்.

“யாரு தச்சது?”

“நான்தாங்க. கையால தச்சேன்.”

அவர் என் கையைப் பிடித்து இழுத்து, சட்டையின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். “இது மெஷின் தையல். யாருகிட்ட பொய் சொல்ற?” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “கிழக்க நடந்தது தெரியுமில்ல? உங்க தெருவுலயும் எல்லாம் கீத்துக் கூரைதான்.” அதைச் சொல்லிவிட்டு வாய்க்கால் மேட்டுப் பூவரச மரத்தைப் பார்த்தார். அங்கே தூளியில் என் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் சொல்லிவிட்டேன், மைமூன். “கூத்தாநல்லூர்ல மைமூனம்மா தச்சுக் குடுத்தாங்க” என்று சொல்லிவிட்டேன். உன்னைக் காட்டிக்கொடுத்தது நான்தான்.

அவர் சைக்கிளில் ஏறினார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிவிட்டு வயல்வரப்பில் குறுக்கே ஓடினேன். எத்தனை தடவை வழுக்கி விழுந்தேன் என்று தெரியாது. உன் தெருவுக்கு வந்தபோது அவர் உன் வாசலில் நின்றிருந்தார். நான் முன்னால் வரவில்லை. எதிரே நின்ற வைக்கோல் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நீ கதவைத் திறந்தாய். மூன்று மாத வயிறு. தொளதொளவென்று இருப்பதால் நீயும் அதே துணிச் சட்டைதான் போட்டிருந்தாய். தெரியாது என்று நீ சொல்லியிருக்கலாம். நீ சொல்வாய் என்றுதான் நான் சாமியெல்லாம் கும்பிட்டேன்.

“எங்க வீட்டு மெஷின்லதான். நான்தான் வெட்டுனேன், நான்தான் தச்சேன்” என்றாய்.

“எதுக்கு? கட்சிக்கா?”

“குனியுறதுக்கு.”

அவர் முகம் மாறியது. அப்போதுதான் உன் மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உனக்கு முன்னால் வந்து நின்றார்கள். நம் இருவரையும் நாள் முழுக்கத் திட்டுகிற மாமி! “எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற பொம்பளைங்களுக்கு நான்தான் தைக்கச் சொன்னேன். ஏதாவது கேக்கணும்னா ஜமாத்துல வந்து கேளுங்க” என்றார்கள்.

அவர் சைக்கிளைத் திருப்பினார். போகிற போக்கில் சொன்னது உனக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. “ஆம்பள இல்லாத வீடு. நெருப்பு பத்துனா அணைக்க ஆளு வேணுமில்ல.”

நான் கொல்லைப்பக்கமாக வந்தபோது நீ ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாய். நூல் உள்ளே போகவில்லை. “யாருக்கா சொல்லியிருப்பா?” என்று கேட்டாய்.

“தெரியலீங்க” என்றேன்.

நான் உன் பேரைச் சொன்னதைக் கேட்ட ஆறு பேரும் கடைசிவரை உன்னிடம் வாய் திறக்கவில்லை. அவர்களும் தாய்மார்கள்.

அதற்குப் பிறகு நீ மெஷினை மூடிவைப்பாய் என்று நினைத்தேன். நீயோ ஏழு சட்டையையும் திருப்பி வாங்கிக்கொண்டாய். “ஒரே மாதிரி இருந்தாதான யூனிபாரம்? இனிமே ஒரே துணியில ரெண்டு சட்டை கிடையாது” என்றாய். பச்சைக் கட்டக் கைலி, உன் புருஷன் பினாங்கிலிருந்து அனுப்பிய பூப்போட்ட பாத்திக் கைலி, அவருடைய கோடுபோட்ட பழைய சட்டை, என் கிழிந்த சுங்கடிப் புடவை என்று ஆளுக்கொரு துணியில், ஆனால் அதே வெட்டில் தைத்தாய். சம்பா நடவில் காரியக்காரர் எங்களைத் தலை முதல் கால்வரை பார்த்தார். “என்னடி இது, ஆளுக்கொரு வேஷம்” என்று காறித் துப்பிவிட்டு நடந்துவிட்டார். அந்த வரப்பில் அவர் பிறகு நின்றதே இல்லை, பார்க்க ஒன்றும் இல்லையே.

ஆனால் அந்த ஆறு மாதமும் நீ எப்படி இருந்தாய்? சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நின்றாய். உன் அறைக் கதவோரம் நாலு குடம் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாய். சாப்பாடு இறங்கவில்லை. பிரசவத்தில் உனக்குத் தெம்பு இல்லை என்று மருத்துவச்சி சொன்னாள். அந்தப் பயம்தான் உன்னைத் தின்றதா? நான் வாயை மூடியிருந்தால் நீ இருந்திருப்பாயா? யாரிடம் கேட்பேன்?

இப்போது எங்களுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது. தூளியில் கிடந்த பிள்ளை வாத்தியாராகி ஓய்வு பெறும் வயதுக்கும் வந்துவிட்டான். நடவுக்கு வருகிற பெண்கள் ஆம்பளைச் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டே இறங்குகிறார்கள். யாரும் ஏனென்று கேட்பதில்லை.

பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அன்று காரியக்காரரைப் பார்த்துப் பயந்தேன். இன்று உன் மகளின் முகத்தை நினைத்துப் பயப்படுகிறேன். உன் ஜாடை இருக்குமோ? கேட்டதும் எழுந்து போய்விடுவாளோ? சட்டைக் கதையை மட்டும் சொல்லி அனுப்பிவிடு என்று என் மகன் சொல்கிறான். மூன்று நாளாக எனக்கும் அந்த ஆசைதான்.

மாட்டேன், மைமூன். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து உட்கார்ந்ததும், ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். “உங்க அம்மா பேரை நான்தான் சொன்னேன்” என்று சொல்வேன். அதற்குப் பிறகும் அவள் உட்கார்ந்திருந்தால், அக்குளில் சதுரத் துண்டை எப்படி வைப்பது என்று காட்டுகிறேன். இது சத்தியம்.

நீ அக்கா என்று கூப்பிட்ட
பாக்கியம்