மஞ்சள் போகாத யோகட் பேணி

இன்று காலை கடையின் பின்னறையில் கழுவுதொட்டிக்குக் கீழே ஒதுக்கியபோது, முகத்துக்குப் பூச நீ மஞ்சள் குழைக்கும் யோகட் பேணி அகப்பட்டது. உள்ளே அடி முழுக்க மஞ்சள். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. மூக்கருகே பிடித்தேன். கஸ்தூரி மஞ்சளும் தயிரும் கலந்த அந்தச் சனிக்கிழமை மணம் உண்மையில் இருக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா, தெரியவில்லை. நீ போய் இரண்டு வருடம். எறிய மனமில்லை. மேசையில் வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

கார் டிக்கியில் சாமான் வைத்து வீடு வீடாக விற்றவள் நான். பிறகுதான் வுப்பர்டால் நகரத்தில், தொங்கு ரயில் பாதைக்குக் கீழே, இந்தக் கடை. கிழமை முழுக்க முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டு, சனிக்கிழமைகளில் நீ வந்து என் பக்கத்துக் கதிரையில் இருப்பாய். பருவோடு வரும் பெட்டைகளுக்கு நான் அலமாரியைக் காட்டுவேன். நீ அவர்களின் முகத்தைப் பார்ப்பாய்.

"தேசிக்காய்ப் புளியை முகத்திலை தேய்க்காதை பிள்ளை, எரிக்கும். சீழ் வைச்சதுக்கு என்ரை மஞ்சளும் சரிவராது. அப்போதேக்கையிலை ஜெல் வாங்கிப் பூசு. மூண்டு மாதம் பொறு."

"என்ரை கடையிலை இருந்துகொண்டு மருந்துக்கடைக்கு ஆள் அனுப்புறாய். அவங்கள் உனக்குச் சம்பளம் தாறாங்களோடி?"

"நீயும் தாறேல்லைத்தானே!"

கறிமஞ்சளை அப்பிக்கொண்டு படுத்த ஒருத்தி, மறுநாள் ஓர் அலுவலகத்தில் நேரம் குறித்த தேர்மினுக்குப் போக, காமாலை என்று பயந்து அங்கே அவளைத் தள்ளி இருத்திய கதையை நீ எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்பாய்!

ஒருமுறை யாரோ ஒருவரின் பயணப் பெட்டிக்குள் ஒரு கிறீம் என் கடைக்கு வந்தது. ஐந்து நாளில் பரு போகும் என்றார்கள். நீ கண்ணாடியைப் போட்டு, உள்ளே இருந்த தாளை வாசித்தாய். "இதுக்குள்ளை ஸ்டீரொய்ட் கிடக்கடி. பூசுமட்டும் பளபளப்பு. விட்டவுடனை முகம் வெந்தமாதிரிச் சிவக்கும். விக்காதை."

சரி என்றேன். அலமாரியில் இருந்து எடுத்தேன். மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

உன் மகள் ஒரு புதன்கிழமை தனியாக வந்தாள். பள்ளிக்கூடம் முடிக்கும் பிள்ளைகளின் அபிபால் விருந்து வருகிறது. நெற்றியும் கன்னமும் நிறையப் பரு.

"அம்மா மூண்டு மாதம் எண்டுறா, அன்ரி. எனக்குப் பத்து நாள்தான் கிடக்கு. அந்தக் கிறீம் இருக்கோ? அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ."

கொடுத்தேன். பாவம் பார்த்துக் கொடுத்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. முன்னால் வந்து நின்று கேட்பவரிடம் இல்லையென்று சொல்ல நான் பழகியதே இல்லை.

விருந்துப் படத்தில் அவள் முகம் உரித்த முட்டைபோல இருந்தது. "பாரடி, என்ரை மஞ்சள் செய்த வேலை" என்று காட்டினாய். ஓம் என்றேன்.

கிறீம் முடிந்து இரண்டு கிழமையில், சால்வையால் முகத்தை மூடி அவளைக் கூட்டிவந்தாய். கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று பொருக்குப் பொருக்காய் இருந்தன. யார் கொடுத்தது என்று எவ்வளவு கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. பின்னறையில் இருத்தி, இந்தப் பேணியில்தான் குளிர்ந்த தண்ணீர் எடுத்துத் துணி நனைத்து ஒற்றினாய். அவளும் நானும் ஒருவரையொருவர் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டோம். நீ நிமிராமலே சொன்னாய்:

"ஆரோ ஒரு பாவி குடுத்திருக்கு. இவள் உன்னட்டை வந்திருக்கவேணும். நீ குடுத்திருக்கமாட்டாய்."

நான் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

அன்று பின்னேரமே லாச்சியில் கிடந்த எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். தோல் டொக்டரிடம் அலைந்து, அவள் முகம் தேற மாதக்கணக்காயிற்று. வருகிற சனி சொல்லுவோம், அடுத்த சனி சொல்லுவோம் என்று இருந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு வருடச் சனிக்கிழமைகள் நீ வந்தாய். ஒரு செவ்வாய்க்கிழமை வேலையிடத்தில் விழுந்தாய். அவ்வளவுதான்.

மகள் இப்போது கார்ஹிங் என்ற தூர ஊரில் மேற்படிப்புப் படிக்கிறாள். தொலைபேசியில் ஒருமுறை இந்தக் கதையை எடுத்தேன். "அதை விடுங்கோ அன்ரி, பழைய கதை" என்றாள். அவளுக்குப் பழையதுதான். எனக்கு இதைக் கொண்டுபோய் இறக்க வேறு இடம் இல்லை.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெட்டை உள்ளே வந்தாள். தாடை முழுக்கப் பரு. அந்தக் கிறீமின் பேரையே சொல்லிக் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை."

"மற்றக் கடையிலை இருக்காம்."

"இருக்கும். நானும் வித்தனான். என்ரை சிநேகிதியின்ரை பிள்ளைக்கே குடுத்தனான். முகம் வெந்துபோச்சு."

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "அவ உங்களை ஏசேல்லையோ?"

"அவவுக்கு நான் சொல்லேல்லை."

இந்தக் கடைக்குள் அதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல்தரம். யாரென்றே தெரியாத ஒரு பிள்ளையிடம். மூன்று மாதம் பொறு என்றேன், நீ சொல்கிற அதே மாதிரி. ஒன்றும் வாங்காமல் போனாள். மற்றக் கடைக்குத்தான் போனாளோ தெரியாது.

மேலே ரயில் போக, அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. பழக்கத்தில் உன் கதிரைப் பக்கம் திரும்பினேன். 'நீ குடுத்திருக்கமாட்டாய்' என்றாயே. இன்றைக்கு நான் கொடுக்கவில்லையடி. அதைச் சொல்லத்தான் திரும்பினேன்.