ஒரே பாத்திரத்தில்

அன்புத் தோழிக்கு,

இன்று திருவிருந்து ஞாயிறு. லண்டன் மிச்சம் பகுதியில் நம் தமிழ்ச் சபை வாடகைக்கு எடுத்திருக்கும் ஆங்கிலேயர் தேவாலயத்தின் சமையலறையில் நின்று, சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கோப்பைகளில் திராட்சை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. உன் நினைவு வந்தது என்று சொன்னால் போதாது. உன் முன்னால் தலைகுனிந்து நிற்பதுபோல் இருந்தது.

முன்பு நமக்கு ஒரே வெள்ளிப் பாத்திரம்தான். போதகர் பிடிக்க, ஆளுக்கொரு மிடறு குடிப்போம். ராணியின் குடும்பம் குரோய்டனிலிருந்து வரத் தொடங்கியதும் நம்மவர்கள் இலங்கையில் அவர்களுடைய ஊரை விசாரித்தார்கள். ஊரிலிருந்து சாதிக்குப் போக அதிக நேரம் எடுக்கவில்லை. அடுத்த திருவிருந்தில், எப்போதும் ஆறுதலாக, கடைசியில் எழும்புகிறவர்கள்கூட முந்திக்கொண்டு போனார்கள். ராணிக்கு முன்னால் குடித்துவிட வேண்டுமாம். நீ மட்டும் அசையாமல் இருந்து, அவள் குடித்த பிறகு போய்க் குடித்தாய். அதன்பின் எப்போதும் அப்படித்தான்.

சபைக் கமிட்டியில் தனிக் கோப்பை பற்றிய பேச்சு வந்தது. "சுகாதாரம்தானே முக்கியம்" என்றார் செயலாளர்.

"கொரோனா முடிஞ்சு திரும்ப ஒரே பாத்திரத்தில குடிக்கேக்க ஒருத்தரும் சுகாதாரம் கதைக்கேல்லை. இப்ப என்ன புதுசா?" என்று நீ கேட்டாய்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் நேர்ஸ்தானே அக்கா. நீங்கள் சொல்லுங்கோ, எது நல்லது?"

"தனிக் கோப்பைதான்" என்றேன். தீர்மானம் நிறைவேறியது.

டிராமுக்குக் காத்திருக்கும்போது நீ கோபப்படவில்லை. "நீ சொன்னது பொய்யில்லையடி. ஆனா அவையள் கேட்டது அந்தக் கேள்வியில்லை."

"சபை உடையக்கூடாதெண்டுதான்..." என்று இழுத்தேன்.

"ராணியாக்கள் சபை இல்லையோ?"

ராணி குடும்பம் வருவதை நிறுத்திக்கொண்டது. நீயும் அவர்களோடு காலை ஆங்கில ஆராதனைக்குப் போய்விட்டாய். என்னால் முடியவில்லை. பிள்ளைகளின் கல்யாணம், சொந்தங்கள், ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்பேச்சு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சாதிதான் காரணம் என்று தெரிந்தும் அதைச் சொல்லாமல் விட்டது மட்டும்தான் என் குற்றம் என்று அப்போது நம்பியிருந்தேன்.

பிறகு நீ நோயில் படுத்துவிட்டாய். நான் பார்க்க வந்த அன்று ராணி உன் தலையை நிமிர்த்திப் பிடித்து, பிளாஸ்கின் மூடியில் சூப் பருக்கிக்கொண்டிருந்தாள். நீ குடித்து முடித்ததும் அதே மூடியில் மிச்சத்தை ஊற்றி என்னிடம் நீட்டினாள். "குளிருக்க வந்திருக்கிறியள் அக்கா, கொஞ்சம் குடியுங்கோ."

அதில் குடித்தவள் நீ. நாம் முதன்முதலில் கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியில் ஒரே அறையில் இருந்த காலத்தில், ஒரே கோப்பைத் தேநீரை எத்தனை தடவை பகிர்ந்திருப்போம். ஆனால் சூப் ராணி வீட்டுச் சூப். என் கை எழவில்லை. "இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனான்" என்றேன். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு கண்களை மூடிக்கொண்டாய். அடுத்த முறை நான் வந்தபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். கேட்டது உனக்கு எட்டியதா என்று தெரியாமலே உன்னை அடக்கம் செய்தோம்.

இன்று ஆராதனை முடிந்ததும், செய்தது சரியோ பிழையோ, ராணிக்குப் போன் எடுத்தேன். "நாளைக்கு உங்கட வீட்டை வரட்டோ?" என்று கேட்டேன்.

"வாங்கோ அக்கா" என்றாள். "ஆனா சாப்பிட்டிட்டு வராதேங்கோ."

நான் சொன்னது பொய் என்று அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வரச் சொல்கிறாள். அதையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் நாளை போகிறேன்.